கார்த்திகை மழை: ஏழு நாள் அறிக்கையில் எந்த வரியில் கண் வைப்பது?

"கார்த்திகைக்குப் பின் மழை இல்லை, கர்ணனுக்குப் பின் கொடை இல்லை" என்பது பழமொழி. 2023இல் மார்கழி பிறந்த அன்று காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. கொட்டித் தீர்த்தது. அதைக் கொண்டுவந்தது புயல் அல்ல, தாழ்வு மண்டலம்கூட அல்ல. குமரிக்கடல் பக்கம் நின்ற மேலடுக்குச் சுழற்சி, அதாவது தரைக்கு மேலே வானில் சுழலும் காற்று. ஆகவே நவம்பர் கடைசியில் வார அறிக்கை வந்ததும் "புயல் உண்டா?" என்று தேடுவதை விடுங்கள். சுழற்சியின் மையம் எங்கே, நம் ஊர் அதற்கு வடக்கா தெற்கா, எவ்வளவு வேகமாக நகர்கிறது. இந்த மூன்றும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

நம் பக்கத்தில் காற்றழுத்தத் தாழ்வைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாக, கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில், வீசும். மையத்துக்கு வடக்கே இருக்கும் ஊருக்குக் காற்று கடலிலிருந்து வரும், ஈரத்தைச் சுமந்துகொண்டு. தெற்கே இருக்கும் ஊருக்கு மேற்கிலிருந்து, நிலத்தைக் கடந்து வறண்டு வரும். நாகப்பட்டினத்துக்கு நேரே மையம் நின்றால் கடலூரும் சென்னையும் நனையும். அதே மையம் நெல்லூர்ப் பக்கம் ஏறிவிட்டால் சென்னையில் மேற்குக் காற்று, சுள்ளென்று வெயில். இதற்கு விலக்கும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் சென்னைக்கு அருகே கடலிலேயே ஊர்ந்ததால், ஆந்திராவில் கரையேறப்போகிற புயல் சென்னையை மூழ்கடித்தது. பாதையைவிட வேகம் முக்கியமாகிவிடும் சமயம் அது.

வேகம் கணிப்பை எப்படிக் குலைக்கும் என்பதற்கு 2024 நவம்பர் கடைசி வாரம் நல்ல பாடம். 25ஆம் தேதி தெற்கு வங்கக்கடலை ஒட்டித் தாழ்வு மண்டலம். அடுத்து ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 27இல் புயலாகும் என்று எதிர்பார்த்தார்கள், ஆகவில்லை. இலங்கையின் கிழக்குக் கரையை ஒட்டியே ஊர்ந்தது. புயலாகாமலே கரையேறும் என்று கணிப்பு மாறியது. 29 பிற்பகலில் ஃபெஞ்சல் என்ற பெயரோடு புயலானது. 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறி, அங்கேயே நின்றது. தள்ளிக்கொண்டு போக வலுவான காற்றோட்டம் இல்லாவிட்டால் சுழற்சி இப்படித்தான் நடுவில் மாட்டிக்கொள்ளும். புதுச்சேரியில் ஒரே நாள் மழை 48 செ.மீ.யைத் தாண்டியது. மறுநாள் கணக்கில், 140 கி.மீ. உள்ளே இருக்கும் ஊத்தங்கரையில் 50 செ.மீ. அதன் பின் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் நொடிக்கு 1.68 லட்சம் கன அடி வந்தது. கீழே விழுப்புரம், கடலூர்ப் பக்கம் மழை ஓய்ந்த பிறகுதான் வெள்ளம் ஏறியது. ஆற்றோர ஊர்க்காரர்கள் தங்கள் ஊர் மழையை மட்டும் பார்த்தால் போதாது. அணைக்கு மேலே என்ன பெய்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஏழு நாள் கணிப்பு எல்லா நாளும் ஒரே தரமல்ல. முதல் மூன்று நாளுக்கு மாவட்ட அளவில் நம்பித் திட்டமிடலாம். நான்காவது, ஐந்தாவது நாளுக்கு "வட கடலோரமா, டெல்டாவா, தென் மாவட்டமா" என்ற அளவில் மட்டும். ஆறு, ஏழுக்கு மழை கூடுமா குறையுமா என்ற போக்கு, அவ்வளவே. கைபேசியில் எட்டாம் நாள் 210 மி.மீ. என்று சிவப்புத் திட்டு காட்டும் படத்தைக் குடும்பக் குழுவில் போடுபவருக்கு ஒரு வேண்டுகோள்: வானிலையைக் கணக்கிடும் கணினி மாடலின் அடுத்த ஓட்டத்தில் அந்தத் திட்டு ஒடிசாவில் இருக்கும். மாடல்கள் காலை 5.30, மாலை 5.30 நிலவரங்களை வைத்து ஓடுகின்றன. ஒரே மாடலின் தொடர்ந்த மூன்று ஓட்டங்களும் ஐரோப்பிய, அமெரிக்க மாடல்கள் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தைக் காட்டினால்தான் அதற்கு மதிப்பு.

வானிலை மையத்தின் அறிக்கையில் சொற்கள் அளந்து வைத்தவை. "கனமழை" என்றால் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. "மிக கனமழை" 204.4 வரை. அதற்கு மேல் "அதி கனமழை". "ஓரிரு இடங்களில்" என்பது மழைமானி நிலையங்களில் கால் பங்குக்குள்; "பெரும்பாலான இடங்களில்" முக்கால் பங்குக்கு மேல். ஆகவே "ஓரிரு இடங்களில் மிக கனமழை" என்ற வரிக்கு உங்கள் தெரு காய்ந்து கிடந்தால் கணிப்பு பொய்த்ததாக அர்த்தமில்லை. பக்கத்துத் தாலுகாவில் 14 செ.மீ. பெய்திருக்கும். நிற எச்சரிக்கையில் மஞ்சள் என்றால் கவனித்திரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் செயலில் இறங்கு. பள்ளி விடுமுறைக்கும் நிறத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. அது ஆட்சியர் முடிவு.

இன்னொரு குழப்பம் தேதி. மழை அளவு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை கணக்கிடப்பட்டு, முடிகிற தேதியில் பதிவாகும். சனிக்கிழமை பிற்பகல் பெய்தது ஞாயிறு கணக்கில்தான் வரும். டிசம்பர் 1 என்று பதிவான புதுச்சேரி மழையில் பெரும்பகுதி நவம்பர் 30இல் பெய்ததுதான்.

தாழ்வு எதுவும் இல்லாத வாரத்திலும் கடலோரத்தில் மழை உண்டு. பின்னிரவில் நிலக்காற்று கடலை நோக்கிப் போகும்போது வாடைக்காற்றோடு முட்டி, கரையை ஒட்டி மேகம் திரளும். மூன்று மணி முதல் ஏழு மணி வரை சடசடவென்று பெய்துவிட்டு, ஒன்பதுக்கு வெயில் அடிக்கும். உள்மாவட்டத்தில் இது தலைகீழ், மாலையில்தான் இடி. கடலோரத்துக்காரர் முந்தின இரவு பத்து மணிக்கு ரேடார் பார்த்து "ஒன்றுமில்லை" என்று துணி காயப்போட்டால் விடியும்போது ஏமாற வேண்டியதுதான்.

அறிக்கையில் ஆரஞ்சு வந்தால் வீட்டில் முதல் வேலை மொட்டை மாடி. 1,000 சதுர அடி மாடியில் 10 செ.மீ. பெய்தால் 9,300 லிட்டர். அவ்வளவும் ஒன்றிரண்டு வடிகுழாய் வழியே இறங்க வேண்டும். வாயில் நாலு வேப்பஞ்சருகு அடைத்தால் போதும், சீலிங்கில் கசியும். பகலிலேயே ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, கீழே எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று பாருங்கள். சொட்டுச் சொட்டாக வந்தால் குழாயின் முதல் வளைவில் அடைப்பு. தரைத்தொட்டி மூடியைச் சுற்றிக் களிமண் அணை கட்டாதீர்கள், கரைந்து உள்ளேதான் போகும். பழைய பாலித்தீன் விரித்து, ஓரத்தில் மணல் மூட்டை வையுங்கள்.

டெல்டாவில் சம்பா தூர் கட்டும், கதிர் உருவாகும் கட்டத்தில் இருக்கும். இரண்டு நாளில் கனமழை என்றால் மேலுரம் போடாதீர்கள். யூரியா கரைந்து வடிகாலில் போய்விடும். வரப்பை உயர்த்துவதைவிடத் தண்ணீர் வடியும் வாய்மடையைத் திறந்து வைப்பது முக்கியம். ஒரு ஏக்கரில் 1 செ.மீ. நின்றாலே சுமார் 40,000 லிட்டர், 15 செ.மீ. பெய்த பிறகு மண்வெட்டியோடு ஓடினால் வடிக்க ஒரு நாள் போதாது. தண்ணீர் வடிந்து பயிர் மஞ்சளித்தால் ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ சிங்க் சல்பேட், 200 லிட்டர் தண்ணீரில் கலந்து இலைவழி தெளிக்கலாம். தெளித்த பின் சில மணி நேரமாவது மழை இருக்கக் கூடாது.

அந்த இடைவெளி எப்போது கிடைக்கும் என்பதும் அறிக்கையிலேயே இருக்கிறது. தாழ்வு வடக்கே ஏறியதும் காற்று மேற்கு, வடமேற்குக்குத் திரும்பும். இரவில் குளிர் தட்டும், வானம் வெளுக்கும். அடுத்த சுழற்சி வரும்வரை சில நாள் ஓய்வு. தெளிப்பு, களையெடுப்பு, கூரை ஓட்டை அடைப்பு எல்லாம் அதற்குள்.