டாம்கேட் இறக்கையில் அழுக்கு ஏற்றிய கதை (1/48 எஃப்-14ஏ)

இறக்கை ஒரு வழியாக அழுக்காகிவிட்டது. நிஜ விமானத்தில் இல்லை, 48-ல் ஒரு பங்கு அளவில் ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் மாடல் கிட்டில். டாம்கேட் என்பது அமெரிக்கக் கடற்படை விமானந்தாங்கிக் கப்பல்களில் இருந்து 2006 வரை பறக்கவிட்ட எஃப்-14 போர் விமானம். பெயின்ட் அடிக்க நாலு சாயங்காலம் போதுமாக இருந்தது. அதை அழுக்காக்க மூன்று வாரம் பிடித்தது. ஒரு முறை முழுசாகத் துடைத்ததும், இன்னொரு முறை இடது இறக்கையைப் பிளாஸ்டிக் தெரியும் வரை தேய்த்துவிட்டுப் பிரைமரில் (அடிப்பூச்சில்) இருந்து ஆரம்பித்ததும் இதில் அடக்கம். நேற்று ராத்திரி மூன்றாவது முயற்சி பலித்தது. பலித்த கையோடு எழுதி வைத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த தடவை எனக்கே மறந்துபோகும்.

காக்பிட், இன்டேக் சீம் (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயின் ஒட்டு), உள்பக்க வெள்ளை எல்லாம் எல்லோரும் படுகிற பாடுதான். அதை விட்டுவிடலாம். நான் எடுத்துக்கொண்டது அமெரிக்கக் கடற்படை 80களில் கொண்டுவந்த மங்கல் சாம்பல் வண்ணத் திட்டம். அதற்கு முன்னால் இந்த விமானம் மேலே பளபளக்கும் லைட் கல் கிரே என்ற வெளிர் சாம்பல், கீழே வெள்ளை, வாலில் ஸ்குவாட்ரனின் (படைப்பிரிவின்) கலர் படம் என்று அலங்காரமாகத்தான் இருந்தது. வானத்தில் எடுப்பாகத் தெரியக் கூடாது என்று மூன்று மேட் (பளபளப்பில்லாத) சாம்பலுக்கு மாற்றினார்கள். எஃப்எஸ் (அமெரிக்க அரசின் வண்ண அட்டவணை) எண்ணில் மேலே 35237, பக்கவாட்டில் 36320, அடியில் 36375. மிஸ்டர் கலர் என்ற பெயின்ட் பிராண்டில் அவை 337, 307, 308. மூன்று பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எதற்கு மூன்று என்றுதான் தோன்றும். அடித்த பிறகும் தூரத்தில் நின்று பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அதுதானே அவர்களுக்கும் வேண்டியிருந்தது.

இந்தத் திட்டத்தை நான் எடுத்ததற்குக் காரணமே அழுக்கு. பளபளப்பான பெயின்ட் என்றால் துடைத்தால் போய்விடும். மேட் பெயின்ட் எண்ணெயையும் பூட்ஸ் தடத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். போதாததற்குக் கப்பலின் உப்புக் காற்று. அரிப்பு தலைகாட்டுகிற இடத்தையெல்லாம் மாலுமிகள் சுரண்டிவிட்டு, அப்போது கைக்கு எட்டிய சாம்பலைப் பூசி வைத்தார்கள். பழைய சாம்பல் வெயிலில் வெளுத்திருக்கும், புதுசு அடர்த்தியாக நிற்கும். ரெண்டு மாசம் கடலில் இருந்துவிட்டு வந்த டாம்கேட்டின் படத்தைப் பாருங்கள், ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருக்கும்.

அந்த ஒட்டுகளுக்கு ஆறு கிண்ணத்தில் ஆறு சாம்பல் கலந்தேன். 337-ல் நாலு துளி வெள்ளை, 337-ல் கொஞ்சம் பஃப் (மங்கலான மஞ்சள் பழுப்பு), 307-ல் பாதி 337, இப்படி. ஏர்பிரஷ்ஷில் 0.2 ஊசி, காற்றழுத்தம் 12 பிஎஸ்ஐ, பெயின்ட் ஒன்றுக்கு லெவலிங் தின்னர் மூன்று. இவ்வளவு தண்ணியாக இருந்தால் ஊசி நுனி காயாது, ஆனால் விரல் ஒரு நொடி தயங்கினாலும் பெயின்ட் சிலந்திக் கால் மாதிரி ஓடிவிடும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒட்டுகளை விமானம் முழுக்க ஒரே சீராகத் தூவினால் சிறுத்தைதான் வரும். எனக்கு முதுகில் வந்தது. மாலுமி எங்கே ஏறி நிற்கிறான், எந்த மூடியை அடிக்கடி கழற்றுகிறான் என்று யோசித்து அங்கே மட்டும் அடர்த்தியாகப் போட்டு, மற்ற இடத்தைச் சும்மா விட்ட பிறகுதான் நம்புகிற மாதிரி ஆனது. கழற்றி மாட்டும் மூடிகளில் நாலைந்தை மாஸ்கிங் டேப் வைத்து நேர் விளிம்போடு தனிச் சாம்பலாக அடித்தேன். அது கச்சிதமாக வந்திருக்கிறது. பெருமையாகவே சொல்கிறேன்.

இதுவரை எல்லாம் சுகம். இனிதான் இறக்கை.

டாம்கேட்டின் இறக்கை பறக்கும்போது 20 டிகிரியில் இருந்து 68 டிகிரி வரை தானாகவே பின்னால் மடங்கும். வேகத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டரே மடக்கிவிடும். கப்பல் தளத்தில் இடம் அடைக்காமல் இருக்க 75 வரை போகும். இறக்கை உடம்புக்குள் போய்வரும் இடுக்கை அடைக்கக் காற்று நிரப்பிய பை ஒன்று இருக்கிறது. இறக்கையின் மேல்பக்கம் அதில் உரசிக்கொண்டேதான் போய்வரும். அதனால் உடம்பை ஒட்டிய பகுதியில் வில் வில்லாக அழுக்குத் தடமும், நடுநடுவே தேய்ந்து வெளிறிய தடமும் விழுந்திருக்கும். டாம்கேட்டின் முக்கிய அடையாளம். இது இல்லாமல் எத்தனை வெதரிங் (பழசாக்கும் வேலை) செய்தாலும் அது டாம்கேட் ஆகாது என்பது என் கட்சி.

முதல் முயற்சி, மெல்லிய பிரஷ்ஷும் ஆயில் பெயின்ட்டும் வைத்துக் கையால். கை நடுங்கவில்லை, கோடு அழகாகவே வந்தது. இறக்கையை மடக்கிப் பார்த்தபோதுதான் கோடுகள் எல்லாம் ஒரு பக்கம் போக, இறக்கை இன்னொரு பக்கம் போனது. இறக்கை உடம்போடு சேரும் முனையை மையமாக நினைத்துக்கொண்டு வளைத்திருக்கிறேன். உண்மையான மையம் இறக்கை சுழல்கிற அச்சு, அது உள்ளே மறைந்திருக்கிறது. பார்க்கிறவர் எவருக்கும் தெரியாது என்று ஒரு நாள் முழுக்க என்னையே சமாதானப்படுத்தினேன். எனக்குத் தெரியுமே. துடைத்தேன்.

இரண்டாவது முயற்சியில் புத்திசாலித்தனம் கூடிவிட்டது. அச்சை அளந்து, வட்டம் வெட்டும் கட்டரால் மாஸ்க் ஷீட்டில் ஒரே மையத்தில் வளையங்கள் வெட்டி ஒட்டி, இடைவெளிகளில் ஸ்மோக் (புகை நிறப் பெயின்ட்) அடித்தேன். வளைவு என்னவோ மில்லிமீட்டர் பிசகவில்லை. ஆனால் பார்க்க கிராமபோன் தட்டு மாதிரி இருந்தது. எல்லாக் கோடும் ஒரே அகலம், ஒரே கருமை. அழுக்குக்கு இத்தனை ஒழுங்கு ஆகாது. ஷீட்டை உரித்தபோது இடது இறக்கையில் பிரைமரோடு சேர்ந்து ஒரு விரல் அகலத்துக்குப் பெயின்ட்டும் வந்துவிட்டது. ஆரம்பத்தில் பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவினேன் என்று சத்தியம் செய்திருப்பேன். இடது இறக்கையை மட்டும் மறந்திருக்கிறேன் போல. மோல்ட் எண்ணெய் (பாகம் அச்சில் ஒட்டாமல் இருக்கத் தொழிற்சாலையில் பூசுவது) அப்படியே இருந்திருக்கிறது. தேய்த்தது இந்தக் கட்டத்தில்தான்.

அப்புறம் நாலைந்து நாள் அதைத் தொடவில்லை. மேசையில் உட்கார்ந்து சும்மா இறக்கையை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தேன். இந்தக் கிட்டை வைத்திருக்கிற எல்லோரும் அதைத்தான் செய்வார்கள், ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அப்போது புதிதாக அடித்த 337-ன் மேல் மயிரிழை மாதிரி ஒரு கோடு. இடுக்கில் மணல்துகள் மாதிரி ஏதோ சிக்கிக் கீறியிருக்கிறது. திட்ட வாயைத் திறந்தவன் நிறுத்தினேன். வளைவு அச்சு அசலாக இருந்தது. உண்மையான விமானத்தில் எப்படி விழுகிறதோ அப்படியே கிட் தானே போட்டுக்கொண்ட கோடு.

ஆக, மூன்றாவது முயற்சி. முதலில் ஜிஎக்ஸ்100 என்ற நிறமில்லாத கிளியர் இரண்டு கோட் அடித்து, இரண்டு நாள் முழுசாகக் காயவிட்டேன். லாக்கர் கிளியர் இருந்தால்தான் ஆயில் பெயின்ட் அடியில் இருக்கும் சாம்பலில் ஊறாது. பர்ன்ட் அம்பர் (பழுப்பு), லாம்ப் பிளாக் (கறுப்பு) ஆயில் பெயின்ட்டுகளைக் கலந்து, ஒரு அட்டைத் துண்டில் அரை மணி நேரம் வைத்தேன். ஆளி எண்ணெயை அட்டை இழுத்துக்கொள்ளும், பெயின்ட் வறண்டு மண் மாதிரி ஆகும். முக ஒப்பனை ஸ்பாஞ்சை பிளேடால் இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் பட்டையாகச் சீவி, அதன் விளிம்பைக் கத்தரியால் கோணல்மாணலாகக் கொத்தினேன். கொத்திய இடத்தில் பெயின்ட் படாது, மேடான இடத்தில் படும். அதனால் கோடுகளின் அகலம் தானாகவே மாறும். பட்டையை இறக்கை நுழையும் விளிம்பின் உட்புறத்தில் இருபக்க டேப்பால் ஒட்டி, ஆயில் பெயின்ட்டைத் தொட்டு, பேப்பரில் ஒற்றி ஒற்றி ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்கிற அளவுக்குக் கொண்டுவந்தேன்.

பிறகு இறக்கையை மடக்கி விரித்தேன், அவ்வளவுதான்.

முதல் தடவையில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவதில் நிழல் மாதிரி. ஆறாவதில் கையை எடுத்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு கோணத்தில் நிறுத்தித் திருப்பினேன், இல்லாவிட்டால் எல்லாக் கோடும் ஒரே இடத்தில் போய் முட்டி நின்று ஸ்கேல் வைத்து வெட்டியது போல ஆகிவிடும். இன்னொரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு இறக்கையும் உள்ளே பல்சக்கரத்தால் இணைந்தவை. ஒன்றை ஆட்டினால் மற்றதும் ஆடும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பட்டை வைத்தால் கண்ணாடியில் பார்த்தது போல இடமும் வலமும் ஒரே அழுக்கு விழும். வலது பக்கப் பட்டையைத் தனியாக, வேறு மாதிரி கொத்த வேண்டும்.

ஆயில் காய்ந்ததும் அதே இடத்தில் ஸ்பாஞ்சுக்குப் பதிலாக 3000 கிரிட், அதாவது மிக நைசாகத் தேய்க்கும் சாண்டிங் ஸ்பாஞ்ச் பட்டை. இரண்டே இரண்டு தடவை. அழுக்குக்கு நடுவே மெல்லிய வெளிறிய வில்கள் கிடைத்தன. வலது இறக்கையில் ஒரு மேட்டில் பிரைமர் வரை தேய்ந்துவிட்டது. அதை அப்படியே விட்டுவிட்டேன், மாலுமி வந்து பூசட்டும்.

இதில் ஒரு சிக்கல் இப்போதுதான் உறைக்கிறது. இறக்கை மடங்கியிருந்தால் இத்தனை பாடும் உள்ளே போய் மறைந்துவிடும். விரித்தால் இந்த அளவில் முனைக்கு முனை 40 சென்டிமீட்டருக்கு மேல். நான் கண்ணாடி அலமாரித் தட்டை அளந்து வாங்கியது மடக்கிய அளவுக்கு. 35 சென்டிமீட்டர். அலமாரியை மாற்றுவதா, மூலைவாட்டில் வைப்பதா என்று யோசனை ஓடுகிறது.

டெக்கல் (எண், எழுத்துகளை ஒட்டும் மெல்லிய படம்) பற்றி ஒரு புலம்பல். தனியாக வாங்கிய ஷீட், தயாரிப்பாளர் பெயர் வேண்டாம். மங்கல் திட்டத்தில் எழுத்தும் அடித்தளத்தில் இருந்து ஒரு படி மட்டும் மாறிய சாம்பலாகத்தான் இருக்கணும், இவர்கள் ஏறக்குறையக் கறுப்பில் அச்சடித்திருக்கிறார்கள். ஃபிலிமும் தடிமன், மூன்று சுற்று சாஃப்ட்னர் (இளக்கும் திரவம்) குடித்தும் பேனல் லைனில் (தகடுகளுக்கு நடுவே உள்ள பள்ளக் கோட்டில்) படியவில்லை. கடைசியில் டெக்கலின் மேலேயே 337-ஐ மிக மெல்லிய மூட்டமாக அடித்து மங்கச் செய்தேன். எண்களை ஸ்டென்சில் வெட்டி அடித்திருந்தால் இந்த வேலையே இல்லை. அடுத்ததற்கு அதுதான்.

அடுத்தது என்றால், பெட்டி ஏற்கெனவே திறந்தாயிற்று. சோவியத் போர் விமானம் மிக்-23. 1989 ஜனவரி 4 அன்று லிபியா கடலோரத்துக்கு அப்பால் கென்னடி விமானந்தாங்கிக் கப்பலின் இரண்டு டாம்கேட்கள் சுட்டு வீழ்த்தியது இரண்டு மிக்-23ஐத்தான். அருகருகே வைத்தால் பொருத்தமாக இருக்கும். அதுவும் மடங்கும் இறக்கைதான், ஆனால் கம்ப்யூட்டர் எல்லாம் கிடையாது. விமானி நெம்புகோலைத் தள்ளி 16, 45, 72 என்று மூன்று நிலையில் நிறுத்த வேண்டும். அப்படியானால் இதில் கோடுகள் எங்கெங்கே நிற்க வேண்டும் என்று ஸ்பாஞ்சைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்துக்கொண்டிருக்கிறேன். கேமஃப்ளாஜ் நாலு கலர் என்பது அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

டாம்கேட் முடியவில்லை என்பதும் ஞாபகம் இருக்கிறது. கடைசி மேட் கோட் பாக்கி. அடிப்பக்கத்து ஹைட்ராலிக் கசிவு பாக்கி, அதற்கு அம்பரில் கொஞ்சம் கிளியர் சேர்த்து ஈரப் பளபளப்போடு விட எண்ணம். வீல் உள்ளறைகளின் வெள்ளைக்கு இன்னும் வாஷ் (பள்ளங்களில் தேங்கவிடும் நீர்த்த பெயின்ட்) போடவில்லை. பின்னால் இன்ஜின் நாசில்கள் (சூடான வாயு வெளியேறும் வாய்கள்). எஃப்-14ஏ எஞ்சின் அணைத்து நிற்கும்போது பெரும்பாலும் ஒரு நாசில் விரிந்தும் மற்றது சுருங்கியும் இருக்கும், படங்களில் பார்த்திருப்பீர்கள். கிட்டில் இரண்டு வகையும் கொடுத்திருக்கிறார்கள். சுருங்கியது மேசையில் இருக்கிறது. விரிந்தது நேற்று ராத்திரி இறக்கையை ஆட்டிக்கொண்டிருந்தபோது முழங்கை பட்டு எங்கேயோ உருண்டது, சத்தம் கேட்டது. டார்ச்சை எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் இறங்கணும்.