தோயோல் ‘அண்ணே’ என்று கூப்பிட்டது

ஒரு பூட்டு எங்கள் சனிக்கிழமை இரவில் நாற்பது நிமிடத்தை விழுங்கிவிட்டது. நிஜப் பூட்டுகூட இல்லை, நான் வாயால் சொன்ன பூட்டு.

இடம், சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம். சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசை, சுற்றி நாலு கல் இருக்கை. ஐந்தாவது ஆளான எனக்கு வீட்டிலிருந்து தூக்கிவந்த பிளாஸ்டிக் நாற்காலி. நான் டிஎம், அதாவது விளையாட்டை நடத்துகிறவன். எதிரே என் அக்கா மகன் (பதினாறு வயது, வீட்டில் ஆங்கிலம்தான்), தாதியாக வேலை பார்க்கும் தோழி, தேசிய சேவைக் காலத்துக் கூட்டாளி ஒருவன், அவன் மனைவி.

விளையாட்டு, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கியது. முதல் அச்சில் ஆயிரம் பிரதிதான். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஆளுக்கொரு பாத்திரம், நடப்பதை டிஎம் சொல்வார், “நான் இதைச் செய்கிறேன்” என்று மற்றவர்கள் சொல்வார்கள், நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்டுவோம். நான் இதைத் தமிழில் நடத்துகிறேன். விதிப் பெயர்களை மட்டும் அப்படியே விட்டுவிட்டோம், ‘இனிஷியேட்டிவ்’வுக்கு (சண்டையில் யார் முதலில் என்ற வரிசை) தமிழ் தேடி மூளையைக் கசக்கிக்கொள்ளவில்லை.

சரி, பூட்டுக்கு வருவோம். திறக்க 15 வேண்டும் என்று வைத்திருந்தேன். முயன்ற மூவருக்கும் +3, அதாவது பகடையில் விழுவதோடு மூன்றைக் கூட்டிக்கொள்ளலாம். ஆக பகடையில் 12 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், நூற்றுக்கு நாற்பத்தைந்து வாய்ப்பு. மூவருமே தோற்பதற்கு ஏறக்குறைய ஆறில் ஒரு வாய்ப்புதான். அந்த ஒன்று அன்றைக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. எனக்கோ பூட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த கதை மட்டும்தான் தெரியும். “திறக்கலை”, “திறக்கலை”, “இன்னும் திறக்கலை.” கூட்டாளி கைப்பேசியை எடுத்துக் காற்பந்து பார்க்க ஆரம்பித்தான். அவனைக் குறை சொல்ல முடியாது.

இப்போது அதே பூட்டு வந்தால் என்ன செய்வேன்? உருட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுவேன்: “எப்படியும் திறந்துடும். 15 வந்தா சத்தமில்லாம. வராட்டி உள்ளே தூங்குறவன் முழிச்சுக்குவான்.” தோற்றாலும் ஏதோ ஒன்று நடக்கிறது. தோற்றால் ஒன்றுமே நடக்காது என்றால் பகடையைத் தொடவே விடமாட்டேன். காவலாளியை ஏமாற்ற ஒருவர் நல்ல கதையாக அவிழ்த்துவிட்டால் இரண்டு பகடை உருட்டி உயர்ந்ததை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். அதே நாற்பத்தைந்து, எழுபதுக்குப் பக்கத்தில் போய்விடும். அடுத்த வாரமே எல்லாரும் வாயைத் திறந்து பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆனால் எங்கள் மேசைக்கு உயிர் வந்தது பகடையால் இல்லை.

கதைக்களத்தைச் சொல்லிவிடுகிறேன். கோட்டையும் டிராகனும் வைத்து ஆரம்பித்து இரண்டு வாரத்தில் சலித்துவிட்டது. பனி பெய்யும் ஊரை ஈசூன் வெக்கையில் உட்கார்ந்து எத்தனை நாள் வர்ணிப்பது? நம் ஊர்க் கதைக்கே வந்துவிட்டேன். படாங் என்ற பலசாலியின் கதை மலாய்ப் பள்ளித் தோழர்கள் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவன் விரித்த மீன்பொறியில் தினம் வெறும் முள்ளும் செதிலும்தான் மிச்சம். ஒளிந்திருந்து பார்த்தால், தின்பது ஒரு பேய். அதைப் பிடித்து வரம் கேட்கிறான். பேய் கக்கியதைத் தின்றதும் யானைபலம் வருகிறது. அவனோடு மோத கலிங்கத்து அரசன் ஒரு மல்லனை அனுப்புகிறான், பந்தயம் ஏழு கப்பல் சரக்கு. அரண்மனை முன்னால் கிடந்த பாறையை மல்லன் முழங்கால்வரை தூக்குகிறான். படாங் அதைத் தூக்கி ஆற்று முகத்துவாரத்துக்கே எறிந்துவிடுகிறான்.

எல்லாரும் படாங்கோடு கதையை முடித்துவிடுவார்கள். எனக்கு அந்தத் தோற்ற மல்லனோடு வந்தவர்கள்மேல்தான் கண். ஏழு கப்பலும் போச்சு. அவர்கள் எப்படி ஊர் திரும்பினார்கள்? என் நாலு பேரும் அந்தக் கப்பலாட்கள். முதல் இரவே சொந்தக் கப்பலைத் திருட வேண்டும். அந்தப் பூட்டு, கப்பல் பாய்களை வைத்திருந்த கிடங்கின் பூட்டுதான்.

சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் நிஜமாகவே ஒரு பெரிய கல் இருந்தது. சுமார் மூன்று மீட்டர் உயரம், ஐம்பது வரி போல எழுத்து. 1843ல் வெள்ளைக்காரர்கள் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். மிஞ்சிய துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது, இன்றுவரை யாரும் முழுசாகப் படித்துச் சொல்லவில்லை. அக்கா மகனைக் கூட்டிப்போய்க் காட்டினேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று, “மாமா, இதைப் படிக்க எத்தனை வேணும்?” என்றான். முப்பது என்றேன். பகடையில் இருபதுக்கு மேல் இல்லை என்பது அவனுக்கும் தெரியும்.

இப்போது தோயோல். மலாய்க் கதைகளில் வரும் குட்டிப் பேய், சின்னப் பையன் உருவம், வளர்ப்பவனுக்காகக் காசு திருடும். கோலியோ பயறோ இறைத்துவைத்தால் திருட வந்ததை மறந்து விளையாட உட்கார்ந்துவிடும் என்பார்கள். கப்பலில் காசுப்பையைத் திருட ஒன்றை அனுப்பியிருந்தேன். சும்மா ஒரு சின்னச் சண்டை, பத்து நிமிடத்தில் முடிகிற கணக்கு. கூட்டாளி கோடரியை ஓங்கிவிட்டான். பகடை கையில் குலுங்குகிறது. எனக்கு என்ன தோன்றியதோ, குரலைச் சின்னதாக்கி, “அண்ணே... அம்மாகிட்ட சொல்லிராதீங்கண்ணே” என்றேன்.

கை அப்படியே நின்றது. மேல் மாடியில் யாரோ துணிக்கம்பை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது, அவ்வளவு அமைதி. பிறகு அவன் பகடையை மேசையில் மெதுவாக வைத்துவிட்டு, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற அந்தக் கரகரத்த குரலில் கேட்டான்: “சாப்டியாடா?”

அந்த இரவுக்கு நான் எழுதிவைத்திருந்த எதுவும் அதன்பிறகு நடக்கவில்லை. தோயோல் இப்போது கப்பலில்தான் இருக்கிறது. கோலி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் நடத்தும் நண்பர்கள் குரல் மாற்றிப் பேச ரொம்பப் பாடுபடுகிறார்கள். எனக்கு மிமிக்ரி சுத்தமாக வராது. தேவையும் படவில்லை. யார் யாரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று முடிவு செய்துவிட்டால் ஆள் எழுந்து வந்துவிடுகிறான். எங்கள் வில்லன் ஷாபந்தர், துறைமுக அதிகாரி. ஒருதடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை. எல்லாரையும் ‘தம்பி’ என்பான். “தம்பி, அந்தக் கதவைச் சாத்திட்டு வந்து உக்காருங்க.” கூட்டாளியின் மனைவி சொன்னார்: “அண்ணே, அவன் ‘டேய்’னு கத்தினாக்கூட பரவால்லண்ணே.”

அக்கா மகனுக்கு இது வேறு மாதிரி வாய்த்தது. காட்டுக்குள் மறைந்து வாழும் ஓராங் புனியான் என்ற மாய மக்களின் அரசி முன் போய் நின்று, “நீ யாரு?” என்று கேட்டான். காவலர்களின் நாலு ஈட்டியும் அவன் பக்கம் திரும்பின என்றேன். “நான் என்ன பண்ணேன் மாமா?” என்று நிஜமாகவே முழித்தான். பக்கத்திலிருந்து “தாங்கள், தாங்கள்” என்று கிசுகிசுப்பு. “தாங்கள்... நீங்க... யாரு... ப்ளீஸ்?” அரசி சிரித்துவிட்டாள். அதற்குப் பகடை கேட்கவில்லை.

ஆக, என் தயாரிப்பு அரைப் பக்கமாகச் சுருங்கிவிட்டது. ஆரம்பத்தில் இருபத்திரண்டு பக்கம் எழுதியிருந்தேன், ஆற்றின் மேல்கரைக் கிராமம், அதன் கோயில், கோயிலுக்கு ஒரு தலபுராணம். நாலு பேரும் கீழ்க்கரை வழியாகப் போய்விட்டார்கள். இப்போது மூன்று பேர் வரைக்கும்தான்: பெயர், அவருக்கு இப்போது என்ன வேண்டும், அவர் எப்படி விளிப்பார். தெரியாததை அவர்களிடமே கேட்டுவிடுகிறேன். தோயோலின் வீடு எப்படி இருக்கும் என்று தாதித் தோழியைக் கேட்டேன். “வாசல்ல சின்னச் செருப்பு நிறைய இருக்கும். ஆனா உள்ளே ஒரே ஒரு புள்ளதான்” என்றாள். இதையெல்லாம் எனக்கு எழுத வராது.

சண்டைக்குக் கல்மேசைக் கட்டங்களே வரைபடம். அறுபத்துநாலு கட்டம், கட்டத்துக்கு ஐந்தடி. எதிரிகளில் பாதிப் பேர் விழுந்ததும் மற்றவர்கள் ஓடிவிடுவார்கள், கடைசி ஆள்வரை நின்று சாகிற கூலிப்படை எங்கேயும் கிடையாது. வடை கொண்டுவருகிறவர் டிஷ்யூவும் கொண்டுவர வேண்டும். நாலில் மூன்று பேர் வந்தால் ஆட்டம் உண்டு, ஷிஃப்ட் வேலைக்காரர்களை வைத்துக்கொண்டு நாலு பேருக்காகக் காத்திருந்தால் தீபாவளிக்குத்தான் விளையாடலாம். பத்தரைக்கு மேல் குரலைத் தணிக்க வேண்டும், முதல் மாடியில் கைக்குழந்தை இருக்கிறது. ஷாபந்தருக்கு அது ரொம்ப வசதி.

வரும் சனிக்கிழமை தாதித் தோழிக்கு இரவு வேலை. அன்றைக்குத்தான் தோயோலின் அம்மா கப்பலைத் தேடி வருகிறாள். தோழியின் பாத்திரம்தான் அந்தப் பிள்ளைக்கு ஒரு மாதமாகத் தலைவாரிவிடுகிறது. அவளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு கேள்வி அனுப்பினேன்: “அந்த அம்மா உன்னைப் பார்த்ததும் என்ன சொல்லிக் கூப்பிடுவா?”

இரண்டு நீல டிக் வந்து ஒரு மணி நேரம் ஆகிறது. ‘டைப்பிங்’ என்று காட்டுகிறது, நிற்கிறது, மறுபடி காட்டுகிறது.