பெப்சினோஜன் எண்ணைத் தனியாகப் படிக்காதீர்கள்

"ஹெலிகோபேக்டர் பைலோரி நெகட்டிவ்", அதாவது இரைப்பையில் குடியேறும் அந்தக் கிருமி இல்லை என்று ரிப்போர்ட்டில் பார்த்ததும் நிம்மதியாகக் கோப்பை மூடிவிடுகிறவர்கள் அதிகம். அது ரத்தத்தில் எதிர்ப்பொருள் தேடிய சோதனையாக இருந்து, அடுத்த வரியில், செரிமான நொதியான பெப்சினின் மூலப்பொருளான பெப்சினோஜனும் குறைந்திருந்தால் நிம்மதிக்கு இடமில்லை. உள்ளதிலேயே அதிகக் கவனம் கேட்கும் கூட்டணி அதுதான்.

பெப்சினோஜனில் இரண்டு வகை உண்டு. ஒன்றாம் வகை பெரும்பாலும் இரைப்பையின் உடல்பகுதியில், அமிலம் சுரக்கும் சுரப்பிகளுக்குள் உருவாகிறது. இரண்டாம் வகை இரைப்பை முழுவதிலும், சிறுகுடலின் தொடக்கத்திலும் கூட உருவாகிறது. இரண்டிலும் சிறிதளவு ரத்தத்தில் கசிவதால், ஒரு குப்பி ரத்தத்தை வைத்தே உள்சுவரின் நிலையை ஓரளவு ஊகிக்க முடிகிறது.

கிருமி குடியேறியதும் முதலில் வருவது அழற்சி. அப்போது இரண்டு வகையுமே ஏறும். இரண்டாம் வகை கூடுதலாக ஏறும். அதனால் ஒன்றாம் வகையை இரண்டாம் வகையால் வகுத்து வரும் விகிதம் இறங்கும். ஆண்டுக்கணக்கில் அழற்சி நீடித்தால் உடல்பகுதிச் சுரப்பிகள் அழியத் தொடங்கும். ஒன்றாம் வகையைச் செய்ய ஆளில்லாமல் அதன் அளவே சரிந்துவிடும். எண் குறைந்துவிட்டதே, புண் ஆறுகிறது போல என்று நினைப்பது இங்கேதான் தப்பாகிறது. குறைந்திருப்பது சுரப்பிகள்.

ஜப்பானில் நெடுங்காலம் பயன்பட்ட அளவுகோல் இது: ஒன்றாம் வகை மில்லிலிட்டருக்கு 70 நானோகிராம் அல்லது அதற்குக் கீழே, கூடவே ஒன்று-இரண்டு விகிதம் 3 அல்லது அதற்குக் கீழே. இரண்டும் சேர்ந்தால்தான் தேய்வு, அதாவது சுரப்பிகள் அழிந்து உள்சுவர் மெலிந்த நிலை என்று கொள்வார்கள். இரண்டு பேருக்குமே ஒன்றாம் வகை 62 என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு இரண்டாம் வகை 10, விகிதம் 6.2, தேய்வுக்கான அடையாளம் இல்லை. மற்றவருக்கு 26, விகிதம் சுமார் 2.4, எண்டோஸ்கோப்பி பார்த்தே ஆக வேண்டும். சோதனைக் கருவிக்குக் கருவி வரம்பு மாறும் என்பதால், உங்கள் ஆய்வகம் அச்சிட்டிருக்கும் வரம்போடுதான் ஒப்பிட வேண்டும்.

இதனுடன் கிருமி எதிர்ப்பொருளையும் சேர்த்து நான்கு பிரிவாக்குகிறார்கள். கிருமியும் இல்லை, தேய்வும் இல்லை என்றால் இரைப்பைப் புற்றுநோய் ஆபத்து மிகக் குறைவு. கிருமி மட்டும் இருந்தால் அடுத்த படி. இரண்டும் இருந்தால் அதற்கும் மேலே. தேய்வு இருந்து எதிர்ப்பொருள் இல்லாதவர்கள்தான் கடைசிப் பிரிவு. உள்சுவர் குடல் சுவர் போல உருமாறி, அமிலமும் வற்றிப்போன இரைப்பையில் இந்தக் கிருமியாலேயே பிழைக்க முடியாது. அது போய்ச் சேர்ந்த பிறகு எதிர்ப்பொருளும் மங்கிவிடும். சேதம் மட்டும் மிஞ்சும். சிலருக்கு இதே தோற்றம், உடலின் எதிர்ப்புச் சக்தியே இரைப்பையைத் தாக்கும் தன்னெதிர்ப்பு இரைப்பை அழற்சியாலும் வரும். அவர்களுக்கு அமிலச் சுரப்பைத் தூண்டும் ஹார்மோனான காஸ்ட்ரின் மிக அதிகமாகவும், பி12 குறைவாகவும் இருக்க வாய்ப்புண்டு.

கிருமி இருக்கும் எல்லோருக்கும் புற்றுநோய் வருவதில்லை. வருவது நூற்றுக்கு ஓரிருவர் முதல் மூவர் வரைதான். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-லேயே இதை முதல் வகைப் புற்றுநோய்க் காரணியாக அறிவித்துவிட்டது. 2001-இல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்றில் 1,526 பேரைச் சராசரியாக 7.8 ஆண்டுகள் கவனித்தார்கள். கிருமி இருந்த 1,246 பேரில் 36 பேருக்கு இரைப்பைப் புற்று வந்தது. கிருமி இல்லாத 280 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. அழற்சி எங்கே மையம் கொள்கிறது என்பதும் முக்கியம். சிறுகுடலை ஒட்டிய கடைப்பகுதியில் மட்டும் என்றால் அமிலம் கூடி முன்சிறுகுடல் புண் வரும். அவர்களுக்குப் புற்று ஆபத்து குறைவு. உடல்பகுதிக்குப் பரவி அமிலம் குறைந்தவர்களுக்குத்தான் கவலை.

எண்களைக் குழப்புவதில் முதலிடம் அமிலத்தைக் குறைக்கும் பான்டபிரசோல், ஒமிபிரசோல் போன்ற மாத்திரைகளுக்கு. அவை பெப்சினோஜனையும் காஸ்ட்ரினையும் ஏற்றிக் காட்டும். மூச்சுப் பரிசோதனையிலும் மலப் பரிசோதனையிலும் இருக்கும் கிருமியை இல்லை என்று காட்டலாம். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு அவற்றை 2 வாரமும், ஆன்டிபயாடிக், பிஸ்மத் என்றால் 4 வாரமும் நிறுத்திய பிறகே கிருமிப் பரிசோதனைக்குப் போக வேண்டும். சிறுநீரகச் செயலிழப்பு பெப்சினோஜனை ஏற்றிவிடும். இரைப்பையில் ஒரு பகுதியை அகற்றியவர்களுக்கு இந்தச் சோதனையால் பயனில்லை.

சிகிச்சையில் பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், அமிலக் குறைப்பு மாத்திரை ஆகிய நான்கும் சேர்ந்து 14 நாள் என்பது நம்பகமான முறை. மூன்றாம் நாளில் வாய் கசக்கும், குமட்டும். பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமி மிஞ்சும். முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து மூச்சு அல்லது மலப் பரிசோதனையில் கிருமி ஒழிந்ததை உறுதி செய்யுங்கள். ரத்த எதிர்ப்பொருள் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் பாசிட்டிவாகவே நிற்கும், இதற்கு உதவாது. கிருமி ஒழிந்ததும் இரண்டாம் வகை சட்டென்று இறங்கி விகிதம் அழகாக ஏறும். அதை வைத்துத் தேய்வு சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. நான்கு பிரிவுக் கணக்கும் அதன்பின் செல்லாது.

தேய்வு சந்தேகம் இருந்தால் எண்டோஸ்கோப்பியில் கடைப்பகுதி, வளைவு, உடல்பகுதி எனப் பல இடங்களில் பயாப்ஸி எடுத்து, எந்த இடம் என்று குறித்துத் தனித்தனிக் குப்பியில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே குப்பியில் போட்டால் தேய்வு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று தெரியாமலே போகும். பரவலான தேய்வோ குடல் உருமாற்றமோ இருப்பவர்களுக்குக் கிருமி ஒழிந்த பின்னும் 3 ஆண்டுக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பி தேவை. எடை காரணமின்றிக் குறைவது, விழுங்கச் சிரமம், விடாத வாந்தி, இரும்புச்சத்துக் குறை ரத்தசோகை, பிஸ்மத் சாப்பிடாதபோதும் மலம் தார் போல் கறுப்பது ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் பெப்சினோஜன் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். கட்டியாகத் திரளாமல் இரைப்பைச் சுவருக்குள்ளேயே பரவும் வகைப் புற்றுநோயில் பெப்சினோஜன் இயல்பாகவே இருக்கலாம்.