செம்பருத்தித் தாள் சிவக்காத அன்று

திருவொற்றியூரில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். 14 வருடமாக அமிலம், காரம் பாடம் நடத்துகிறேன். செம்பருத்திப் பூவை வெந்நீரில் ஊறவைத்தால் அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் நிறங்காட்டி கிடைக்கும் என்று கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். என் கையால் ஒரு தடவைகூடச் செய்து பார்த்ததில்லை. போன வருடம் ஆசிரியர்களுக்கான செய்முறை அறிவியல், சுற்றுச்சூழல் பயிற்சிக்குப் போனபோதுதான் இது எனக்கே உறைத்தது. மொத்தம் நான்கு சனிக்கிழமைகள்.

முதல் நாளே சொதப்பினேன். சாற்றில் நனைத்த தாளைச் சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் வைத்தேன், சாயம் வெளுத்துப்போனது. நிழலில்தான் உலர்த்த வேண்டுமாம். மறுபடி செய்ததும் எலுமிச்சைச் சாற்றில் பளிச்சென்று சிவந்தது, சோடா உப்புக் கரைசலில் பச்சையானது. அந்த நேரத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை இத்தனை வருடமாக என் பிள்ளைகளுக்குக் கொடுக்காமலே இருந்திருக்கிறேன்.

இரண்டாம் சனிக்கிழமை எண்ணூர் கழிமுகத்துக்குப் போனோம். கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடம். தண்ணீரைத் தொடுவதற்கு முன்னால், தாள் என்ன நிறமாகும் என்று ஒவ்வொருவரையும் நோட்டில் எழுதச் சொன்னார் பயிற்சியாளர். ஏறக்குறைய எல்லோருமே ‘சிவப்பு’ என்று எழுதினோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். கெட்டுப்போன தண்ணீர் அமிலமாகத்தானே இருக்கும் என்ற நினைப்பு.

தாள் சிவக்கவே இல்லை. லேசாகப் பச்சைப் பக்கம் போனது.

“அப்போ தண்ணி நல்லாதான் இருக்கா மேடம்?” என்று ஒரு சார் கேட்டார். பயிற்சியாளர் பதில் சொல்லவில்லை. “இந்தத் தாளுக்கு எது தெரியும், எது தெரியாது?” என்று திருப்பிக் கேட்டார். அரை மணி நேரம் அங்கேயே நின்று பேசினோம். கடல் நீரின் பிஎச் சுமார் 8.1, அது இயல்பாகவே கொஞ்சம் காரம். எண்ணெயோ அனல்மின் நிலையச் சாம்பலோ இருப்பதை இந்தத் தாள் காட்டாது. தவறான கருவியை வைத்துக்கொண்டு தண்ணீருக்குச் சான்றிதழ் கொடுக்கப் பார்த்தோம். பயிற்சி முழுவதிலும் எனக்குப் பெரிய பாடம் அந்த அரை மணி நேரம்தான்.

அப்புறம் சேற்றைப் பாட்டிலில் போட்டுத் தண்ணீர் விட்டுக் குலுக்கி வைத்தோம். மணல் சட்டென்று அடியில் இறங்கியது. மேலே சாம்பல் நிறத்தில் ஒரு படலம் மிதந்தது. அனல்மின் நிலையச் சாம்பலில் உள்ளே வெற்றிடம் கொண்ட நுண்ணிய உருண்டைகள் உண்டு, அவை மிதக்கும். உருப்பெருக்கியில் கண்ணாடி மணிபோலத் தெரிந்தன. சதுப்பு நிலத்தில் வளரும் வெண்கண்டல் மரத்தின் இலையில் உப்புத் துகள் மினுங்குவதையும் அன்றுதான் பார்த்தேன். இப்படிப் போகிறவர்கள் கையுறையும், திரும்பியதும் கை கழுவ சோப்பும் கட்டாயம் எடுத்துப் போங்கள்.

மூன்றாவது, நான்காவது நாள்கள் பாடத்திட்டம் எழுதுவதிலும் மாதிரி வகுப்பு எடுப்பதிலும் போயின. ஆனால் இடையில் ஒரு வீட்டுப்பாடம் இருந்தது: சொந்த வகுப்பில் ஒன்றைச் செய்து, நடந்ததை நடந்தபடியே எழுதி வர வேண்டும். நான் சேற்றுப் பாட்டிலைச் செய்தேன். படலம் மிதந்ததும், குப்பத்திலிருந்து வரும் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். “மிஸ், இதுக்கு எதுக்கு பாட்டிலு? எங்க ஆயா காலால மிதிச்சே சொல்லிடும், எது சேறு, எது சாம்பல்னு.”

பழைய நானாக இருந்தால் “சரி, உட்காரு” என்று பாடத்தைத் தொடர்ந்திருப்பேன். அடுத்த வாரம் அந்த ஆயாவை வகுப்புக்கே அழைத்தோம். ஆற்றில் இறங்கிக் கையால் இறால் பிடித்தவர். மூன்று இடத்துச் சேறு, மூன்று தட்டு, பெயர் எதுவும் எழுதவில்லை. கையுறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு விரலை விட்டுப் பிசைந்தார். “இது வழவழன்னு ஒட்டுது, நல்ல சேறு. இது நெறநெறன்னு இருக்கு, மணல். இது மாவு மாதிரி, பிடிக்க நிக்கல, சாம்பல் கலந்தது.” பிள்ளைகள் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு, மூன்றையும் பாட்டிலில் போட்டுக் குலுக்கி ஜன்னலோரம் வைத்தார்கள். மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன்பே பாதி வகுப்பு ஜன்னலோரம் நின்றது.