ஐடிஓபி மனுவுல எழுதாம விட்ட காரணம்

நான் வக்கீல் இல்ல, அதை முதல்லயே சொல்லிடறேன். குமரி மாவட்டத்துல ஒரு கோர்ட்டுக்கு எதிர்த்தாப்ல, மாடிப்படிக்கு அடியில இருக்கிற ஒரு சீனியர் வக்கீல் ஆபீஸ்ல 17 வருஷமா டைப்பிஸ்ட். டைப்ரைட்டிங் மெஷின்ல லோயர், ஹையர் பரீட்சை ரெண்டும் பாஸ் பண்ணிட்டு வந்தவ, இப்போ கம்ப்யூட்டர். வேலைல முக்காவாசி கல்யாண கேஸ். விவாகரத்து மனுவுக்கு கோர்ட்டுல பேரு இந்துன்னா எச்எம்ஓபி, கிறிஸ்டியன்னா ஐடிஓபி. எங்க பக்கம் சர்ச் ஜாஸ்தி, அதனால 1869-ம் வருஷத்து விவாகரத்துச் சட்டத்தோட பிரிவு நம்பரெல்லாம் எனக்கு ரேஷன் கார்டு நம்பரை விட நல்லா ஞாபகம் இருக்கும்.

இந்த வேலைல இருக்கிறவங்களுக்குத் தெரியும், மனுன்னா புதுசா எழுதறது இல்ல. பழைய ஃபைலைத் திறந்து பேரு, தேதி, நகைக் கணக்கு மாத்தறது. "மக்ளே, அந்த மாமியார் பாராவை எடுத்துப் போடு"ன்னு சீனியர் உள்ள இருந்து குரல் குடுப்பார். மாமியார் பாரா, குடிகார பாரா, சந்தேக பாரா, எல்லாம் தனித்தனி ஃபைலா வச்சிருக்கேன். வந்திருக்கிற பொண்ணு என்ன கதை சொன்னாலும் இதுல ஏதாவது ஒண்ணுக்குள்ள போய் உக்காந்துரும்.

2024 ஜனவரியில, காதல் தி கோர் படம் ப்ரைம்ல வந்தப்போ வீட்டுக்காரர் தூங்கின பிறகு அடுக்களைல உக்காந்து போன்லயே பாத்தேன். மம்மூட்டி, ஜோதிகா, ஜியோ பேபி டைரக்‌ஷன். எங்களுக்கு மலையாளம் பாக்க சப்டைட்டில் வேணாம். தியேட்டர்ல 2023 நவம்பர் 23 வந்த படம், அதுக்கு அஞ்சு வாரம் முன்னாடிதான் அக்டோபர் 17 அன்னிக்கு ஒரே பாலினத்தவர் கல்யாணத்தை சட்டப்படி ஏத்துக்க முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லியிருந்துச்சு. கத்தார்லயும் குவைத்துலயும் படத்தைப் போட விடல. மலையாளத்துல காதல்னா மரத்துக்கு நடுவுல இருக்கிற கெட்டி, தச்சர் வைரம்னு சொல்வாரே அது. தமிழ்ல படிச்சா வேற அர்த்தம். ரெண்டுமே இந்தக் கதைக்குப் பொருந்துது, அந்தப் பேரை வச்சவருக்கு ஒரு கும்பிடு.

கதை தெரியாதவங்களுக்கு: கோட்டயம் பக்கம் தீக்கோய். மேத்யூ தேவசின்னு ஒரு மனுஷன், ஊர்ல நல்ல பேரு, பஞ்சாயத்து இடைத்தேர்தல்ல நிக்கப் போறார். அந்த நேரம் பாத்து பொண்டாட்டி ஓமனா கோர்ட்டுல விவாகரத்து கேக்கறா. காரணம், புருஷன் ஆண்கள் மேல ஈர்ப்பு உள்ளவர், ஊர்ல டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கிற தங்கனோட அவருக்கு உறவு. மேத்யூவுக்கும் ஓமனாவுக்கும் கல்யாணம் ஆகி இருபது வருஷம், காலேஜ் படிக்கிற பொண்ணு இருக்கா.

நான் படம் பாத்தது டைப்பிஸ்ட் கண்ணோட. முதல்ல எனக்குத் தட்டுப்பட்டது அட்ரஸ். கேஸ் போட்டவளும் எதிர்மனுதாரரும் ஒரே வீட்டுல இருக்காங்க, ஒரே மேஜைல சாப்பிடறாங்க. எங்க ஆபீஸ்ல மனு போடற பொண்ணோட அட்ரஸ் எப்பவும் அம்மா வீடுதான், "தற்போது வசிப்பது"ன்னு ஆரம்பிக்கும். ஒரே கதவு நம்பரை ரெண்டு தடவை டைப் அடிச்சா நான் தப்பா அடிச்சிட்டேன்னு பெஞ்ச் கிளார்க் திருப்பி அனுப்பிருவார்! அப்புறம் இன்னொண்ணு, படத்துல கேஸ் என்னா வேகமாப் போகுது. எங்க கோர்ட்டா இருந்தா வாய்தா மேல வாய்தா வாங்கி, கவுன்சிலிங் முடிஞ்சு, எதிர் பார்ட்டி பதில் மனு போடறதுக்குள்ள மேத்யூ எலெக்‌ஷன்ல ஜெயிச்சு அஞ்சு வருஷம் முடிச்சு அடுத்த எலெக்‌ஷனுக்கே நின்னிருப்பார்.

ஆனா ஓமனாவோட மனுல காரணம் காரணமாவே எழுதியிருக்கு. அங்கதான் எனக்கு அடைச்சிருச்சு.

2014-னு நினைக்கிறேன். ஒரு பொண்ணு வந்தா, முப்பது வயசு இருக்கும். கிறிஸ்டியன், புருஷன் வெளிநாட்டுல இருந்து வந்து ஊர்லயே கடை வச்சவர். சீனியர்கிட்ட ஒழுங்கா பேசல, அழவும் இல்ல. சாயங்காலம் கையெழுத்துக்குக் காத்துட்டு இருந்தப்போ வராந்தால எங்கிட்ட சொன்னா. "அக்கா, அவரு கெட்டவர் இல்ல. என்னை ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. அவருக்குப் பொம்பளைங்க மேல மனசு போகாதுக்கா. அவரோட கூட்டுக்காரரு ஒருத்தரு இருக்காரு, எனக்குத் தெரியும்." அவ்வளவுதான் சொன்னா. அப்புறம் டீ வேணுமான்னு கேட்டேன், வேணாம்னா.

நான் போய் சீனியர்கிட்ட சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழட்டி மேஜைல வச்சார். அவர் கெட்ட மனுஷன் இல்ல, அதையும் சொல்லணும். "எழுதினா என்ன ஆகும் தெரியுமா பிள்ளே"ன்னார். ஆணும் ஆணும் உறவு வச்சா குத்தம்னு சொன்ன 377-வது பிரிவை டெல்லி ஹைகோர்ட் 2009-ல தளர்த்தினதை 2013 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணியிருந்துச்சு, 377 திரும்ப உயிரோட இருந்த காலம் அது, பத்து வருஷம், ஆயுள் வரைக்கும் தண்டனை. அந்த ஆளு ஒத்துக்கிட்டா ஜெயிலு, ஒத்துக்கலன்னா இவ எதை வச்சு நிரூபிப்பா? இன்னொரு வழி, கல்யாணத்தன்னிக்கும் இன்னிக்கும் ஆண்மை இல்லைன்னு சொல்லி கல்யாணமே செல்லாதுன்னு கேக்கலாம், ஆனா அவளுக்கு ஒரு பையன் இருந்தான், அதனால அது எடுபடாது. விவாகரத்துச் சட்டத்துல பிரிவு 10(2)-ல பொண்டாட்டிக்குன்னு தனியா ஒரு காரணம் இருக்கு, சோடமின்னு அந்த வெள்ளைக்காரன் காலத்து வார்த்தையைப் போட்டே எழுதியிருக்கான் (வயசு வந்தவங்க சம்மதத்தோட இருந்தா குத்தம் இல்லைன்னு 2018 செப்டம்பர் 6 அன்னிக்கு சுப்ரீம் கோர்ட் சொன்னதுக்கு அப்புறமும் அந்த வார்த்தை சட்டத்துல அப்படியேதான் இருக்கு). அதைப் போட்டா ஊர் முழுக்கத் தெரியும், அவ தங்கச்சிக்கு மாப்பிள்ளை அமையாது, பையனை ஸ்கூல்ல சும்மா விட மாட்டாங்க. பரஸ்பர சம்மதம், அதாவது 10ஏ, அதுக்கு அவர் சம்மதிக்கல, பயம், எதுக்கு திடீர்னு பிரியறீங்கன்னு ஊரு கேக்குமேன்னு.

"அப்போ என்ன சார் போட?"

"கொடுமை போடு. மாமியார் பாரா."

போட்டேன். பேரை மாத்தினேன், தேதியை மாத்தினேன். சாப்பாடு போடலன்னு, நகையைப் பிடுங்கினாங்கன்னு, விறகுக்கட்டையால கைல அடிச்சாங்கன்னு. அந்தப் பொண்ணு படிச்சுப் பாத்துட்டு "அத்தை இதெல்லாம் பண்ணலியே அக்கா"ன்னா. நான், "கோர்ட்டுக்கு இப்படித்தான் எழுதணும்"னு சொன்னேன். இதை நான் எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பேன்னு கணக்கு இல்ல, ஆனா அவகிட்ட சொன்னது மட்டும் அப்பப்ப காதுல கேக்கும். கையெழுத்துப் போட்டா.

விசாரணை அன்னிக்கு ஃபைல் எடுத்துட்டு நானும் போனேன். குடும்ப வழக்குங்கறதால கதவைச் சாத்திட்டாங்க, நான் வெளிய பெஞ்சுல. அந்த மாமியார் சாட்சி சொல்லிட்டு வெளிய வந்தாங்க. வெள்ளை சட்டையும் முண்டும் உடுத்த வயசான அம்மா. யாரையும் பாக்காம அவங்க கையை அவங்களே திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இந்தக் கையா, இந்தக் கையா"ன்னு சொல்லிட்டே படி இறங்கினாங்க. மகன் பின்னாடி தலையைக் குனிஞ்சுட்டு வந்தார். ஒரு வார்த்தை பேசல. அவர் பேசியிருந்தா அம்மா தப்பிச்சிருப்பாங்க, அவர் மாட்டியிருப்பார். சீனியர் நெனச்சது அந்த ஆம்பளையையும் அந்தப் பொண்ணையும் காப்பாத்தணும்னு, ரெண்டு பேரையும் காப்பாத்தவும் செஞ்சார். அதுக்கு விலை அந்தம்மா குடுத்தாங்க, அந்த ரசீதை டைப் அடிச்சது நான்.

அதனாலதான் படத்துல மேத்யூவோட அப்பா வர்ற இடத்துல எனக்கு போனைக் கீழ வைக்க வேண்டி வந்துச்சு. மகனைப் பத்தி அவருக்கு முன்னாடியே தெரியும், கல்யாணம் பண்ணினா சரியாப் போயிரும்னு நெனச்சுதான் பண்ணி வச்சேன்னு அவர் கோர்ட்டுல ஒத்துக்கிறார். அதை ஒரு கிழவர் வாயில இருந்து வர வைக்க அந்த எழுத்தாளர்கள் எத்தனை தடவை அடிச்சு அடிச்சு எழுதினாங்களோ. எங்க கேஸ்ல அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருந்துச்சா இல்லையான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. தெரிஞ்சே ஒரு பொண்ணைக் கொண்டு வந்து மாட்டி விட்டிருந்தா அது பெரிய தப்புதான், விறகுக்கட்டையை விடப் பெரிய அடி. ஆனா அந்தத் தப்பை யாரும் கேக்கல, பண்ணாத தப்புக்கு குறுக்கு விசாரணை பண்ணினாங்க.

மேத்யூ ஓமனாவைக் கட்டிப் பிடிச்சு தெய்வமேன்னு உடையிற சீனை எல்லாரும் எழுதிட்டாங்க, நான் எழுதல. எனக்கு ஓமனாதான். இந்த வழக்கு எனக்காக மட்டும் இல்ல, மேத்யூவுக்காகவும்தான்னு அவ சொல்றா. மனுதாரர் எதிர்மனுதாரருக்காகவும் சேர்த்து மனு போடறதுன்னு ஒண்ணை நான் 17 வருஷத்துல டைப் அடிச்சதே இல்ல. கொஞ்சம் கோவமும் உண்டு படத்து மேல, இருபது வருஷம் வீணாப் போன பொம்பளைக்கு இன்னும் கொஞ்சம் கத்த விட்டிருக்கலாம், ரொம்பப் பொறுமையா வச்சிட்டாங்க. ஜோதிகாவுக்குக் குரல் குடுத்த ஜோமோள் அந்தக் குறையைக் கொஞ்சம் சரி பண்ணுது, அடக்கிப் பேசற இடத்துலயும் தொண்டை கரகரங்குது.

இன்னொரு விஷயம் வார்த்தை. அன்னிக்கு சீனியர் எழுதலாம்னு சொல்லியிருந்தாலும் தமிழ்ல என்னன்னு அடிச்சிருப்பேன்? "இயற்கைக்கு மாறான"ன்னுதான் அடிச்சிருப்பேன், வேற வார்த்தையே எங்க யார் வாயிலயும் இல்ல. அப்புறம் மெட்ராஸ் ஹைகோர்ட்டுல ஜஸ்டிஸ் ஆனந்த் வெங்கடேஷ் 2021-ல ஒரு கேஸ்ல, எனக்கே இதைப் பத்தி முழுசாத் தெரியாதுன்னு சொல்லி ஒரு மனநல நிபுணர்கிட்ட உக்காந்து கேட்டுக்கிட்டு தீர்ப்பு எழுதினார், மாத்தறேன்னு சொல்லி வைத்தியம் பண்ணக் கூடாதுன்னும் சொன்னார். அந்தக் கேஸ் வழியாத்தான் அரசாங்கமே தமிழ் வார்த்தைப் பட்டியல் போட்டுச்சு. தன்பாலீர்ப்பு. முதல் தடவை டைப் அடிச்சப்போ ரெண்டு தடவை தப்பு விட்டேன்.

இப்போ பரஸ்பர சம்மதம்தான் அதிகம் வருது, "கருத்து வேறுபாடு"ன்னு ஒரு வரி போதும், யாரும் காரணம் கேக்கறதில்ல. நல்லதுதான். ஆனாலும் சில பேர் கையெழுத்துப் போடும்போது பேனாவைப் பிடிச்சுட்டே கொஞ்ச நேரம் இருப்பாங்க, நான் தலையைத் தூக்க மாட்டேன்.

மாமியார் பாரா ஃபைல் இன்னும் கம்ப்யூட்டர்ல இருக்கு. நிஜமா அடிக்கிற மாமியாரும் இருக்காங்களே, அழிக்க முடியாது. விறகுக்கட்டை வரியை மட்டும் எடுத்துட்டேன்.

போன மாசம் வடசேரி சந்தைல மரச்சீனி வாங்கிட்டு இருந்தேன். பக்கத்துல அந்தம்மா. ரொம்ப மெலிஞ்சு போயிருக்காங்க. என்னை அடையாளம் தெரியல, தெரிய வேண்டிய அவசியமும் இல்ல. ஐநூறு ரூபாயை நீட்டி, "மோளே, இதுக்குச் சில்லறை உண்டா"ன்னு கேட்டாங்க. இருந்துச்சு. எண்ணி அந்தக் கைல குடுத்தேன்.