176×144-இல் ஒரு தெலுங்குப் படம்

ஆந்திராவில் ஜிபிஆர்எஸ் (மெதுவான பழைய மொபைல் இணையம்) காலத்து போனில் இரண்டரை மணி நேரத் தெலுங்குப் படம் எப்படி அடங்கியது? கணக்கு எளிது. 3GP எனும் மொபைல் வீடியோ வகைக் கோப்பு, 176×144 பிக்சல் அளவு, நொடிக்கு 64 கிலோபிட் வீடியோ என்றால் சுமார் 72 எம்பி. ஒலி ஏஎம்ஆர் என்ற வகை, நொடிக்கு 12.2 கிலோபிட், இன்னொரு 14 எம்பி. ஆக 86 எம்பி, முழுப் படமும்.

இதற்காக இழந்தது என்ன? ஏஎம்ஆர் பேச்சுக்காகவே செய்தது. 3400 ஹெர்ட்ஸுக்கு மேல் எல்லாம் போய்விடும். வசனம் தெளிவாகக் கேட்கும், பாட்டில் தாளச் சத்தம் தகரத்தைத் தட்டியதுபோல் வரும். வேகமாக வெட்டி வெட்டிக் காட்டும் டான்ஸில் முகமெல்லாம் கட்டம் கட்டமாகிவிடும். அதனால் பாட்டைத் தனியாக 128 கிலோபிட் எம்பி3-யாக எடுப்பதே புத்திசாலித்தனமாக இருந்தது.

ஐந்து நிமிடப் பாட்டு கிட்டத்தட்ட 4.8 எம்பி. நொடிக்கு 4 கேபி (கிலோபைட்) கிடைத்தால் இருபது நிமிடம். நடுவில் போன் கால் வந்தால் டேட்டா நின்றுவிடும். பல போன்களின் சொந்த பிரவுசர் விட்ட இடத்திலிருந்து தொடராது, முதலிலிருந்து இறக்க வேண்டியிருந்தது. போனின் இணைய இணைப்பு அமைப்பான அக்சஸ் பாயின்ட்டில் வாப் (போனுக்கான எளிய இணையம்) செட்டிங் இருந்தால் வெளித்தளமே திறக்காமல் போனதும் உண்டு.

கடையில் மெமரி கார்டில் பாட்டும் படமும் ஏற்றிக் கொடுத்தவர்களுக்கு வேறு தலைவலி. 4 ஜிபி கார்டு எஸ்டிஹெச்சி என்ற, 2 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகளின் வகை. பழைய போன் அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது, 2 ஜிபிதான் எல்லை. பாட்டின் பெயர் தெலுங்கு எழுத்தில் இருந்தால், ஃபான்ட் இல்லாத போனில் வெறும் பெட்டிகள்தான். ஆங்கில எழுத்தில் மாற்றிவிட்டு ஏற்றினார்கள்.