அழாமல் இருப்பதெல்லாம் தைரியமா?

மட்டக்களப்பு கல்லடியில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர், கடன் நெருக்குகிற இந்த நேரத்திலும் அழுவதில்லை, ஆத்திரப்படுவதில்லை, 'கல்லு மாதிரி நிற்கிறா' என்று ஊரே மெச்சுகிறது. ஆனால் மகன் பள்ளிக்கூடத்தில் வாங்கின பரிசை ஓடிவந்து நீட்டினபோதும் அவவின் முகத்தில் ஒன்றுமே அசையவில்லை, அதுதான் எனக்குப் பயம். கவலையை மட்டும் தனியாக மரத்துப்போகவைக்க மனதால் முடியாது, சந்தோசமும் சேர்ந்தே போய்விடும்.

தாங்குகிற ஆள் அழுவார், யாரிடமாவது வாய்விட்டுச் சொல்வார், பாலத்தடியில் காற்று வாங்கிவிட்டு வந்து பசிக்குது என்பார். மரத்துப்போனவருக்கு மீன் ஆணமும் ருசிக்காது, விடியவிடிய போனைத் தள்ளிக்கொண்டிருப்பார்.

பெரிய அதிர்ச்சி வந்த முதல் நாட்களில் அப்படி ஆவது இயல்பு, சரி. கிழமைக்கணக்கில் நீண்டால் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். இலங்கையின் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எடுத்துக் கதையுங்கள்.